ஒப்பந்தத்தின் பின்னால் ஒளியாதீர்கள்

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைச் சென்னை மாநகராட்சி தனியாருக்குத் தாரைவார்த்ததும், அதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களை நள்ளிரவில் போலீஸை விட்டு அப்புறப்படுத்தியதும், மறுநாளே அவர்களுக்குக் காலை உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. கேட்டது பணி நிரந்தரம். கிடைத்தது காலைச் சிற்றுண்டி!

மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய இடத்தில் 16,000 சொச்சம்தான் மிஞ்சும் என்றார்கள் தொழிலாளர்கள். அதைவிடப் பெரிய ஆபத்தும் இதில் உண்டு. குத்தகை என்று வந்துவிட்டால், உயிர் போனாலும் பொறுப்பேற்க ஆள் கிடையாது. பாதாளச் சாக்கடை மரணங்கள் எப்படி நிகழ்கின்றன? மூடியைத் திறந்து ஒருவர் இறங்குகிறார். இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் இருந்தால் உண்டு. உள்ளே விஷவாயு. சத்தம் இல்லையே என்று பதறி, அவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுகிறார். வழக்கில் சிக்குவது சில்லறை ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும். வேலையைக் கொடுத்த அலுவலகமோ, ‘நாங்கள் இறங்கச் சொல்லவில்லை’ என்று கைகழுவிவிடுகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, நேரடியாக மட்டுமல்ல, மறைமுகமாகவும் சாக்கடையில் ஆளை இறக்கக் கூடாது என்கிறது; உள்ளாட்சி அமைப்பையும் சேர்த்தே சொல்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை. அதன்படி கம்பி எண்ணிய உயரதிகாரி ஒருவரையாவது வாசகர்களுக்கு நினைவிருக்கிறதா? சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கவே கூடாது என்றது 2025 ஜனவரியில். அதே ஆண்டிலேதான் மேலும் இரண்டு மண்டலங்களைக் குத்தகைக்கு விட்டார்கள்.

குப்பை அள்ளுகிறவர் வேறு, சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்று விளக்கம் வரும். மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெருவில் நிற்பவர்களைக் கேளுங்கள். கண்ணாடித் துண்டும் ஊசியும் கலந்த குப்பையை வெறுங்கையால் அள்ளுவது மட்டும் ஆபத்தில்லாத வேலையா?

மாநகராட்சியை நடத்தும் மேதைகளின் இத்தகைய சாதனைகள் புதிதல்ல. 2000இல் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தைக் கொண்டுவந்தார்கள். 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. தெருக்கள் நாறின, அபராதம் போட்டார்கள், கடைசியில் அதையும் அனுப்பிவைத்தார்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பையை மலையாகக் குவியவிட்டதும் இதே நிர்வாகத் திறமைதான். நிறுவனங்கள் மாறின, கொடிகள் மாறின. கோப்பில் கையெழுத்திடும் கைகளுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் கேள்வி இல்லை.

இரண்டு மண்டலங்களையும் தனியாருக்கு விட்ட முடிவை அரசு திரும்பப் பெற வேண்டும். தொழிலாளர்களை நேரடிப் பணியில் வைத்துக்கொள்ள உரிய வழி காண வேண்டும். முடியாது என்றால், அடுத்த சாவுக்குப் பொறுப்பேற்கப்போகும் அதிகாரி யார் என்று இன்றே பெயர் சொல்லட்டும்.