கள்ளக்குறிச்சியில் என்ன இருக்கிறது?

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை மார்க்கமாகச் சென்னைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், "கள்ளக்குறிச்சியில் பார்க்கத்தக்கதாக என்ன இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. அவர்கள் பேரில் குற்றமில்லை. அவர்களுக்கு இது பஸ் நின்று காப்பி கிடைக்கும் ஓரிடம், அவ்வளவே. ஆனால் இதே கேள்வியை ஊர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்திருப்பதுதான் நமக்கு விசாரத்தைத் தருகிறது. நம் பிரதேசத்துச் சரித்திரச் சின்னங்களைப் பற்றி வியாசம் எழுதி வரச் சொன்னால், பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்தையும் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

ஹாலந்து தேசத்தில், ஆம்ஸ்டர்டாம் நகருக்குத் தென்மேற்கே ஹூஃப்டோர்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ளவர்களில் பலர் காலையில் பக்கத்துப் பட்டணங்களுக்கு உத்தியோகத்துக்குப் போய், மாலையில் வீடு திரும்புகிறவர்கள். சுமார் 175 வருஷங்களுக்கு முன் அந்த ஊரே கிடையாது. அவ்விடம் பெரியதோர் ஏரியாக இருந்தது. நீராவி யந்திரங்களைக் கொண்டு இரவு பகலாக இறைத்து 1852-ஆம் வருஷத்தில் ஏரியை வற்றச் செய்தார்கள். பிறகுதான் ஊர் தோன்றிற்று. இறைத்த யந்திரசாலைகளில் ஒன்றான க்ரூக்கியஸ் இன்று காட்சிச்சாலையாக விளங்குகிறது. நேற்று முளைத்த ஊர்க்காரர்கள் தங்கள் ஏற்றத்தைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால், 2,000 வருஷத்துக் கதையை வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் என்ன செய்கிறோம்?

நம்மவர்களின் ஞாபக மறதிக்கு ஒரு காரணம் சொல்லலாம். கள்ளக்குறிச்சி வெகுகாலம் பிறர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஊர். தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தபோது கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போகவேண்டும். 1993-ல் விழுப்புரம் தனி ஜில்லாவானதும் மனுக்களைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போகவேண்டியதாயிற்று. ரயிலோ, ஊரைத் தொடாமல் சின்னசேலத்தோடு ஒதுங்கிப் போயிற்று. இந்த ஊருக்குத் தனி ஜில்லா என்ற அந்தஸ்து 2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ந் தேதிதான் கிடைத்தது. ஆகவே இந்த ஜில்லாவின் சின்னங்களைக் கணக்கெடுப்பதற்கு இது தகுந்த சமயந்தான்.

முதலில் திருக்கோவலூர். பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள இந்தத் தலம் சங்க காலத்து மலையமான்களின் இருக்கை. வள்ளல் திருமுடிக்காரி ஆண்ட பூமி. பாரி மாண்ட பிறகு அவனுடைய பெண்களைத் தகுந்த இடத்தில் சேர்ப்பித்துவிட்டு, நண்பனைப் பிரிந்து வாழ மனமில்லாத கபிலர் இவ்வூரிலே உயிர் நீத்தார் என்பது பரம்பரையான செய்தி. வெறும் பாட்டிக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கபிலர் தீப்புகுந்த விஷயத்தைச் சொல்கிறது. சங்க காலத்துக்கும் ராஜராஜனுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! அத்தனை காலமும் ஒரு புலவரின் நட்பை ஊர் மறக்கவில்லை. ராஜராஜனுடைய தாயார் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். ஆகவே பெரிய கோயில் கட்டிய மகாராஜாவுக்கு இது தாய்மாமன் வீட்டுச் சீமை! தஞ்சாவூரை எழுதி வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஆற்றின் நடுவே கபிலர் குன்று என்று வழங்கும் பாறையும் அதன் மேல் சிறு கோயிலும் இன்றும் இருக்கின்றன.

வைஷ்ணவர்களுக்கும் இவ்வூரில் பெரிய உரிமை உண்டு. முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் இவ்வூர் இடைகழி ஒன்றில் ஒதுங்கி நின்றார்கள் என்றும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த நெருக்கத்தில்தான் அவர்களுக்குப் பெருமாளின் தரிசனம் கிடைத்தது என்றும் சொல்வார்கள். உலகளந்த பெருமாள் சந்நிதிக்கு எதிரே நிற்கையில், அந்த ஆகிருதிக்கும் அந்த இடைகழிக்கும் உள்ள பொருத்தத்தை எண்ணாமல் இருக்க முடியாது.

திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற சிறு கிராமம். அங்கே ஒரு குன்றின் குகையில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒற்றை வரிச் சாஸனம் ஒன்று 1981-ஆம் வருஷம் கண்டுபிடிக்கப்பட்டது. சத்தியபுதன் அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி என்பது அதன் தாத்பரியம். அசோக சக்கரவர்த்தியின் சாஸனங்களில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் இவர்களோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு பெயர் வருகிறது. அவர்கள் யார் என்று பண்டிதர்கள் நெடுங்காலம் வாதாடிக் கொண்டிருந்தார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் வமிசமே அது என்பதை இந்த ஜம்பைப் பாறை அல்லவா தீர்த்து வைத்தது! பாடலிபுத்திரத்துக்கும் பெண்ணைக் கரைக்கும் முடிச்சுப் போட்ட இந்த ஒரு வரியைப் போய்ப் பார்த்தவர்கள் நம் ஜில்லாவில் எத்தனை பேர்?

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே ஏழெட்டு மைலில் உள்ள தியாகதுர்க்கத்தின் மலையைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் தேசத்துக்காகத் தங்களுக்குள் சண்டையிட்டபோது இந்தக் கோட்டை கைக்குக் கை மாறியது. புதுச்சேரி வீழ்ந்த 1761-ஆம் வருஷத்திலேயே இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1790-ல் திப்பு சுல்தான் முயன்றும் இதைப் பிடிக்க முடியவில்லை. கோட்டையைக் காத்தவர், வந்தவாசி முற்றுகையில் பெயர்பெற்ற காப்டன் பிளின்ட். அந்நியன் பெயர் நமக்கு எதற்கு என்பார் இருக்கலாம். கோட்டையின் கல் நம் மலையிலிருந்து வெட்டியது. மதிலைக் கட்டியவன் நம்மவன்.

கைத்தொழிலைச் சொல்லாமல் விட்டால் நம் ஆசாரிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2021-ல் வழங்கப்பட்டது. கல்யாணப் பரிசாகப் பீங்கான் பொம்மை தேடி அலையும் குடும்பஸ்தர்கள் இதைக் குறித்துக் கொள்வார்களாக.

இனி மலைக்கு வருவோம். ஊரின் மேற்கே நீல மதில் போல் நிற்கும் கல்வராயன் மலையை உல்லாசப் பிரயாண ஸ்தலமாகவே நாம் எண்ணுகிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய இதைக் கள்ளக்குறிச்சியும் சேலமும் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றன. இங்கு வாழும் மலையாளிகளுக்கும் மலையாள தேசத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர் என்று பொருள். காஞ்சியிலிருந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் பரம்பரைக் கதை, பேசுவது தமிழ்தான். சாமையும் தினையும் மரவள்ளியும் பயிர். கடுக்காய் பொறுக்குவது உப தொழில்.

மலையை ஆண்டதென்னவோ வேறு கை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் வசத்தில் கிராமங்கள் இருந்தன. குடிகள் வரியும் செலுத்தி ஊழியமும் செய்தார்கள். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி கீழே கள்ளக்குறிச்சியில் கொடியேற்றி மிட்டாய் வழங்கிய போது, மேலே ஜாகீர் ஆட்சி நடந்து கொண்டிருந்தது. அது முடிவுற்று மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். சுதந்திரம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிச்செல்ல 29 வருஷம் பிடித்திருக்கிறது! நம் பிள்ளைகளின் சரித்திரப் புஸ்தகத்தில் தலைக்கோட்டைச் சண்டையின் தேதி இருக்கிறது. இந்தத் தேதி இல்லை.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது, மலையின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. கல்வராயன் என்றாலே சாராய ஊறல் என்பது போலப் பேசினார்கள். உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. மலைப் பானையில் ஊறுவதன்று. இந்த விபரீதத்துக்குப் பிறகுதான் சென்னை ஹைகோர்ட்டார் மலைவாசிகளின் நிலைமையைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். மலைவாசிகளுக்கு வேண்டிய சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை முதலிய சௌகரியங்களைப் பற்றியெல்லாம் அப்போது பேச்செழுந்தது. கீழே அத்தனை பிணங்கள் விழுந்த பிறகுதானா மேலே நிமிர்ந்து பார்ப்பது?

மலைக்குப் போக விரும்புகிறவர்கள் கச்சிராயபாளையம் வழியாகப் போகவேண்டும். அடிவாரத்தில் கோமுகி அணை, 1960-களில் கட்டியது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் நிறைந்த கோலத்தில் காணலாம். கட்டுச்சாதம் கொண்டு போவது உத்தமம். வெள்ளிமலைச் சந்தையில் மலைக்காரர்களிடம் ஏதேனும் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், ஜாகீர் காலத்தைக் கண்ணால் கண்ட கிழவர் யாராவது அகப்பட்டால், அருவிக்குப் போவதற்கு முன் அவரோடு அரைமணி உட்கார வையுங்கள்.