கொடியும் குழியும்

தோழரே,

ஞாயிறு காலை. தேநீர்க் கடை வாயிலிலோ, படிப்பகத்துத் திண்ணையிலோ, வீட்டுக் கூடத்திலோ அமர்ந்து ஏட்டைப் புரட்டிக் கொண்டிருக்கிறீர்கள். ஆட்சியைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எழுத வந்திருப்பது ஒரு குழியைப் பற்றி. ஓரடி அகலம், இரண்டடி ஆழம், அவ்வளவுதான். ஆனால் என் நெஞ்சில் அது தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை!

சில ஆண்டுகளுக்கு முன், மாநில நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் நான் எழுதிய நாடகம் நடந்தது. சாலையின் பாதியை விழுங்கிக்கொண்டு மேடை. ஊர் முகப்பில் ஒளி சிந்தும் வளைவு. இருமருங்கும் கம்பங்கள், கம்பங்களில் கொடிகள்! கண்டேன், களித்தேன். "உத்தரவு வாங்கியாயிற்றா?" என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். "சொல்லி வைத்திருக்கிறோம் அண்ணே" என்றார்கள். யாரிடம் சொன்னார்கள்? எத்தனை அடிக்குச் சொன்னார்கள்? காகிதம் எங்கே? கேட்கவில்லை நான். நடிகருக்கு வசனம் மறந்துவிடுமோ என்ற கவலை எனக்கு. நமக்குச் சட்டம் மறந்துவிட்டதே என்ற கவலை எவருக்கும் இல்லை.

நாடகம் முடிந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. விடியுமுன் வளைவைப் பிரித்தார்கள். மூங்கிலை வண்டியில் ஏற்றினார்கள். குழிகளை மட்டும் அப்படியே விட்டுச் சென்றார்கள். இருள் பிரியாத அந்த வேளையில், நம் ஏட்டைச் சைக்கிளில் சுமந்து வந்த இளைஞன், அந்தக் குழியொன்றில் சக்கரம் இறங்கி விழுந்தான், வலக்கை முறிந்தது. ஏடுகள் சாலையெங்கும் சிதறின. சிதறிய ஏடுகளில் என் நாடகத்தின் விளம்பரம் இருந்தது.

மருத்துவமனைக்கு ஓடினேன். அவன் ஏசவில்லை, கோபிக்கவில்லை. "நாடகம் நன்றாக இருந்தது அண்ணே. கடைசி வரிசையில் நின்று பார்த்தேன்" என்றான். தோழரே, மாற்றார் வீசிய கல் என்மீது பட்டதுண்டு, வலித்ததில்லை. அந்தச் சொல் பட்டது, இன்றுவரை வலிக்கிறது.

சாலை யாருடையது? அரசினுடையது என்பான் அதிகாரி. நம்முடையது என்பான் தொண்டன். இருவரும் அரைகுறை விடையே தருகிறார்கள். சாலை பொதுவினுடையது. அதிகாரி அதற்குக் காவல்காரன். தொண்டன் அதில் ஒரு வழிப்போக்கன். ஆயிரம் பேர் நடக்கும் பாதையில் ஒருவன் கால் ஊன்றி நிற்க விரும்பினால், மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் இசைவைக் கேட்டாக வேண்டும். அத்தனை பேரிடமும் தனித்தனியே கேட்க முடியாது என்பதால்தான் அவர்கள் சார்பில் ஒரு பொறியாளரிடம் கேட்கிறோம். அனுமதிச் சீட்டு என்பதன் பொருள் இதுதான்!

தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, இதைத்தான் விதியாக்கி வைத்திருக்கிறது. நெடுஞ்சாலைக்குரிய நிலத்தில் முன் அனுமதியின்றி எவர் இடம் பிடித்தாலும் அது ஆக்கிரமிப்பு. பந்தல் போடுவதென்றாலும், குழாய் பதிப்பதென்றாலும், கம்பி வடத்துக்காகத் தரையை வெட்டுவதென்றாலும், பெட்ரோல் நிலையத்துக்கு இணைப்புப் பாதை அமைப்பதென்றாலும் அனுமதி வேண்டும்.

"ஒரு கம்பம் நடுவதற்கு இத்தனை தடபுடலா?" என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டவன்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள். நம் கடப்பாரை இறங்கும் இடத்துக்குக் கீழே குடிநீர்க் குழாய் ஓடுகிறது; மின்வடம் ஓடுகிறது. நம் கம்பம் நிமிரும் இடத்துக்கு மேலே மின்கம்பி செல்கிறது. வளைவில் நாம் கட்டும் தட்டி, எதிரே வரும் வண்டியை ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைக்கிறது. பழுதாகி ஒதுங்கும் வண்டிக்காக விட்டிருக்கும் ஓரத்தில் நாம் மேடை போட்டால், அந்த வண்டி நடுச்சாலையில் நிற்கிறது. பின்னால் வருபவன் மோதுகிறான். சிறு பாலம் கட்டாமல் சாலையோர வடிகாலை மண்ணிட்டு நிரப்பி ஒருவர் தம் வாயிலுக்கு வழி அமைத்தால், மழைக்காலத்தில் மறுபக்கத்துக் குடிசைக்குள் வெள்ளம் புகுகிறது. மேலே மின்சாரம், கீழே குழாய், ஓரத்தில் வடிகால், நடுவே உயிர்கள்! இவை நான்கையும் பார்த்துச் சொல்வதற்குத்தான் பொறியாளர்.

பார்க்காமல் செய்ததன் விலை என்ன? 2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில், விழாவுக்காக அமைத்த அலங்கார வளைவு ஓர் இளம் பொறியாளரின் உயிரைக் குடித்தது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டிய பதாகை சரிந்து விழ, இருசக்கர வண்டியில் வீடு திரும்பிய இளம்பெண் நிலைகுலைந்து வீழ்ந்தாள். பின்னால் வந்த லாரி அவள்மீது ஏறியது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், கட்சிக் கொடிக்கம்பம் நட்டுக் கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி மாண்டான். எந்தக் கட்சி, எவர் விழா என்று நான் எழுதவில்லை. எழுதினால் என்ன செய்வோம்? நம் கட்சி என்றால் மறைப்போம்; மாற்றார் கட்சி என்றால் முழங்குவோம். இறந்தவர்களுக்குக் கட்சி இல்லை, தோழரே. பெற்ற வயிறு எரிவதில் நிறபேதம் இல்லை!

திருவாரூரில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அரசிளங்குமரன் தேரூர்ந்து வந்தான். தெருவில் துள்ளிய கன்று தேர்க்காலில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. பசு மணி அடிக்குமா என்று பகுத்தறிவாளர் கேட்கலாம், கேட்கட்டும். அந்தக் கதைக்குள் இருக்கும் கருத்தைக் கவனியுங்கள். தேர் அரசனுடையது, தெரு அரசன் அமைத்தது, ஓட்டியவன் அரசன் மகன். ஆயினும், அந்தத் தெருவில் ஒரு கன்றுக்கும் வழி உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது தமிழன் மனம். கன்றுக்கு வழி விட்ட தெருவில், கட்சிக்காரன் மனிதனுக்கு வழி மறிக்கலாமா?

2025 சனவரியில், சாலைகளிலும் பிற பொது இடங்களிலும் நிலையாக நட்டிருக்கும் கட்சிக் கொடிக்கம்பங்களைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் அகற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. அதற்குப் பின்னும் வழக்காடல் ஓயவில்லை. ஆணை வந்த நாளில் நம்மில் பலருக்கு நெஞ்சு கொதித்தது. கொதிக்காதா? கிளை திறந்த நாளில் தலைவர் கையால் ஏற்றிய கொடி. மாண்டுபோன தோழரின் நினைவாக நட்ட கம்பம். கூலிக்காரன் ஒரு நாள் கூலியை ஈந்து கட்டிய பீடம்! அந்தக் கொதிப்பை நான் அறிவேன், மதிக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கொடியின் பெருமை கம்பம் நிற்கும் இடத்திலா இருக்கிறது? சாலையோரத்தில் ஒருவர் வீட்டு வாயிலை மறைத்து நின்றால்தான் கொடி உயர்ந்ததா? நிலத்துக்குரியவர் இசைவோடு தனியார் மனையில் நடலாம்; கட்சி அலுவலகத்தில் நடலாம். நம் தோழர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் மூன்று சதுர அடியை மனமுவந்து தந்தால், அந்தக் கொடியை அசைக்க எந்த ஆணையாலும் முடியாது. தன் நிலத்தில் நிற்கும் கொடிக்கு இருக்கும் கம்பீரம், பிறர் வழியில் நிற்கும் கொடிக்கு ஏது?

கொடியை விடக் கூட்டம் பெரிது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில், சாலையில் திரண்ட அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. யார் குற்றம் என்பதை விசாரணை சொல்லட்டும்; இழவு வீட்டில் வாதம் செய்பவன் நானல்ல. ஆனால் நமக்குள் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் அடுத்து நடத்தும் கூட்டத்தில், எத்தனை பேர் வருவர் என்று விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்கிறோமா? அனுமதிக்காக ஆயிரம் என்று எழுதி, விளம்பரத்தில் இலட்சம் என்று முழங்கினால், அந்தப் பொய்க்குக் கப்பம் கட்டுவது எவர் உயிர்?

இதுவரை நம்மை நோக்கிக் கேட்டேன். இனி ஆள்வோரை நோக்கிக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது.

அனுமதி வேண்டும் என்றால் அதற்கு அளவுகோலும் வேண்டும். ஆளுங்கட்சிக்கு அரை நாளில் அனுமதி, எதிர்க்கட்சிக்குக் கடைசி நாள் மாலையில் மறுப்பு என்பது சட்டமாகாது. ஆட்சியில் இருப்பவர் எவராயினும் இதையே சொல்வோம், நாமே இருந்தாலும் இதையே சொல்வோம். 1972இல் ஹிமத்லால் ஷா என்பவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. அகமதாபாத்தில் பொதுத் தெருவில் கூட்டம் நடத்த அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். பொதுத் தெருவில் கூடும் உரிமையை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால் எந்த நெறியும் வகுக்காமல், விரும்பினால் கொடுப்பேன், விரும்பாவிட்டால் மறுப்பேன் என்ற அதிகாரத்தை ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கும் விதி செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. நினைவில் நிறுத்துங்கள். அனுமதி கேட்பது பணிவு. அது பிச்சை கேட்பதாகிவிடக் கூடாது.

மேடை கேட்கும் நமக்கே இந்தப் பாடு என்றால், கூடை வைத்து வெள்ளரிப் பிஞ்சு விற்கும் மூதாட்டிக்கு? பெரிய நிறுவனம் தன் வாயிலுக்குச் சாலையிலிருந்து வழி கேட்டால், விண்ணப்பம் எழுத ஆள் உண்டு. வரைபடம் போட ஆள் உண்டு. கட்டணம் கட்டக் காசு உண்டு. மூதாட்டிக்கு என்ன உண்டு? காலையில் ஒருவனுக்குத் தண்டல். மாலையில் மற்றொருவனிடம் மன்றாட்டு! தெருவில் வாணிபம் செய்வதும், தக்க ஒழுங்குக்கு உட்பட்டு, அடிப்படை உரிமையே என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2014இல் தெரு வியாபாரிகளுக்கான சட்டமும் வந்தது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் அவ்வியாபாரிகளுக்கே; அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு; சான்று பெற்றவரை இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு! உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா, தோழரே? அதில் அந்த மூதாட்டியின் குரல் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, விண்ணப்பம் எழுதத் தெரியாத அவளுக்காக நீங்கள் எழுதுங்கள். நூறு கம்பம் நடுவதைக் காட்டிலும் அது நல்ல கட்சிப் பணி.

தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்ற பழஞ்சாலையின் தொலைவுக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவல் தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்பதை அதில் எழுத்திலும் எண்ணிலும் பொறித்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. எழுத்தறியாதவனும் தொலைவை அறியட்டும் என்று, பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் அந்தக் கல்லில் செதுக்கினார்கள்!

கண்டீரா, தோழரே! அவர்களும் வழியோரம் குழி செய்தார்கள், நாமும் செய்தோம். அவர்கள் செய்த குழி பாமரனுக்கு வழி சொன்னது. நாம் விட்டுச் சென்ற குழி பாமரனின் கையை முறித்தது.

ஆகவே ஆட்சியிடம் நாம் கேட்பது அந்தக் கல்லின் நேர்மையைத்தான். நெடுஞ்சாலையில் எவருக்கு, எத்தனை அடி, எந்த நாள் வரை அனுமதி என்பதைத் தெளிந்த தமிழில், அந்த இடத்திலேயே, வழிப்போக்கன் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். குறித்த நாளுக்குள் விடை சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். கட்சிக்கும் நிறுவனத்துக்கும் கூடைக்காரிக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள்.

இப்படிக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், உங்கள் கிளை அடுத்து நடத்தும் கூட்டத்துக்கு முன்னரே கோட்டப் பொறியாளரிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். வருவோர் எண்ணிக்கையை உள்ளபடி எழுதுங்கள். "சொல்லி வைத்திருக்கிறோம்" என்ற சொல்லை நம் அகராதியிலிருந்து எடுத்தெறியுங்கள். கூட்டம் முடிந்ததும் மேடையைவிட்டு முதலில் இறங்குபவன் பேச்சாளனாக இருக்கட்டும். கடைசியாகக் கிளம்புபவன் மண்வெட்டி பிடித்தவனாக இருக்கட்டும்.

அந்த இளைஞனின் கை கூடிவிட்டது. இப்போதும் இருள் பிரியுமுன் சைக்கிளில் ஏடு சுமந்து வருகிறான். இன்று உங்கள் கையில் இருக்கும் ஏடு, அவனைப் போன்ற ஒருவன் கொண்டுவந்து தந்ததுதான். இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து, உங்கள் ஊர்ச் சாலையோரம் ஒரு நடை நடந்து பாருங்கள், தோழரே. சென்ற கூட்டத்தில் நாம் தோண்டிய குழி ஏதேனும் இன்னும் திறந்து கிடந்தால், நாளை விடியுமுன் மூடிவிடுங்கள். அவன் அந்த வழியாகத்தான் வருவான்.