குளிர் மேல பழி போடாதீங்க மக்களே!

கார்த்திகை, மார்கழி வந்துட்டா எங்க திருவண்ணாமலையில விடியக்காலை ரெண்டு சத்தம் நிச்சயம் கேட்கும். ஒண்ணு கோயில் மணி. இன்னொண்ணு, ஏதாவது ஒரு டீசல் டாக்ஸி "கிர்ர்ர்... கிர்ர்ர்..."னு செல்ஃப் இழுக்குற சத்தம். சுத்தி நாலு பேர் நிப்பாங்க. நாலு பேரும் ஒரே தீர்ப்பு சொல்வாங்க: "குளிருல்ல சார், டீசல் வண்டின்னா அப்படித்தான்."

இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

எங்க ஊர் குளிர் என்ன பெரிய குளிருங்க? மார்கழி விடியல்ல 18, 20 டிகிரி. அதுக்கே நாங்க குல்லா போடுவோம், அது வேற கதை :-) டீசலே கெட்டியாகுற குளிர்னா லடாக் பக்கம் போகணும். அங்கே இருக்குறவங்களுக்காக 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் கம்பெனி மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்குற தனி டீசலையே கொண்டு வந்தாங்க. செங்கம் ரோட்டுல நிக்கிற வண்டிக்கு அந்தக் கவலை எல்லாம் கிடையாது.

'கோல்ட் ஸ்டார்ட்'ங்கற வார்த்தையில தான் குழப்பமே. அதுல குளிர்ந்து கிடக்கறது ஊர் இல்ல, இன்ஜின். ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின் சித்திரை மாசத்துலயும் 'கோல்ட்' தான். பெட்ரோல் வண்டி மாதிரி டீசலுக்குப் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கியே சூடாக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சிப் பத்த வைக்கணும். 1890கள்ல ருடால்ஃப் டீசல் உருவாக்கின அதே சங்கதி தான் இன்னிக்கும். அதுக்கு மூணே மூணு விஷயம் வேணும். இன்ஜின் வேகமா சுத்தணும். உள்ளே காத்து போதுமான அளவு சூடாகணும். டீசல் நேரத்துக்கு வரணும். இந்த மூணுல ஒண்ணு ஏற்கனவே நொண்டிக்கிட்டு இருந்தா, காலை நேரம் அதைக் காட்டிக் கொடுக்கும். அவ்வளவு தான். காட்டிக் கொடுத்தவன் மேலயே பழியைப் போட்டா எப்படி?

"ஏன்யா இதுக்குப் போய் இவ்வளவு டென்ஷன்?"னு கேக்கலாம். காசு விஷயம் மக்களே. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்போ மாருதி டீசல் காரையே விட்டுட்டாங்க. இன்னிக்கு இங்கே டாக்ஸி ஓட்டுறவங்க பல பேர் கையில இருக்கறது ரெண்டாம் கை, மூணாம் கை டீசல் வண்டி. பௌர்ணமியும் தீபமும் தான் அவங்களுக்கு அறுவடை. அன்னிக்குக் காலையில வண்டி கிளம்பலேன்னா அந்த மாசமே துண்டு விழும்.

எங்க தெருவுல ஒரு அண்ணனுக்கு இதே தான் ஆச்சு. மெக்கானிக் வந்தார், ரெண்டு தடவை செல்ஃப் அடிச்சார், "பம்பை இறக்கணும்"னு சொல்லிட்டார். பம்பை இறக்கறதுன்னா பல ஆயிரம். நல்ல வேளை, இன்னொருத்தர் ஒரு டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்தார். ஹீட்டர் பிளக்குக்குக் கரண்டே வரலை. ரிலே போயிருக்கு. சில நூறு ரூபாயில வேலை முடிஞ்சது. பம்ப் பாவம், அது பாட்டுக்கு நல்லா தான் இருந்துச்சு.

வரிசையா பாருங்கன்னு தான் நான் சொல்றேன். சுலபமானதுல இருந்து செலவானதுக்குப் போங்க.

முதல்ல பேட்டரி. முழு சார்ஜ்ல சுமார் 12.6 வோல்ட் காட்டணும். 12.2 காட்டினா பாதி காலி. செல்ஃப் அடிக்கறப்போ 9.6க்குக் கீழே விழுந்தா பேட்டரியைச் சந்தேகப்படுங்க. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூ பூத்திருந்தா முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க. எங்க ஊர்ல இதுக்கு ஒரு ஸ்பெஷல் காரணமும் உண்டு. சவாரி வந்தவங்க 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்தி வர்ற வரைக்கும் டிரைவர் வண்டியிலயே இருப்பார். பாட்டு, ஃபேன், செல்போன் சார்ஜ், உள் லைட்டு, எல்லாம் ஓடும். விடிஞ்சா பேட்டரி காலி. பழி மட்டும் பனி மேல.

செல்ஃப் நல்லா சுத்தியும் வண்டி பிடிக்கலையா? சைலென்ஸரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ளே போகுது, எரியல. ஹீட்டர் பிளக், இல்லேன்னா கம்ப்ரஷன். புகையே வரலேன்னா டீசலே போகலை. ஃபில்டர் அடைப்பு, தண்ணி, இல்லேன்னா எங்கயோ ஏர் இழுக்குது. பைசா செலவில்லாத டெஸ்ட் இது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அம்பாசடர் டீசல், பழைய சுமோ, முதல் இண்டிகா மாதிரி வண்டிகள்ல டீசல் ஒரு தனிச் சின்ன அறையில எரிய ஆரம்பிக்கும். அந்த அறைச் சுவரே சூட்டை உறிஞ்சிடும். அதனால 20 டிகிரியிலயும் ஹீட்டர் பிளக் வேணும். ஆனா சி.ஆர்.டி.ஐ. வண்டி இந்தக் குளிருக்கு ஹீட்டர் பிளக் இல்லாமலே பெரும்பாலும் கிளம்பிடும். அது மக்கர் பண்ணினா பிளக்கை மாத்திட்டு நிறுத்தாதீங்க. ரெயில்ல பிரஷர் ஏறுதான்னு பாருங்க. ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப்புலயும் ஒரு சின்ன பாட்டில் மாட்டிச் சுத்த விட்டா, எது டீசலைத் திருப்பி ஒழுக விடுதுன்னு கண்ணாலயே தெரியும். நாலு இன்ஜெக்டரையும் கழட்ட வேண்டியதில்லை.

அப்புறம் இந்தக் குறுக்கு வழி மன்னர்கள்! ஏர் ஃபில்டர் வாயில பெட்ரோல் துணி வைக்கறது, ஈதர் ஸ்ப்ரே அடிக்கறது, ஆயில் சேம்பருக்குக் கீழே பந்தம் காட்டறது. சொக்கப்பனையைக் கோயில் வாசல்ல கொளுத்தினா போதும், காருக்கு அடியில வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்து இருக்கறப்போ ஈதர் உள்ளே போனா நேரம் கெட்ட நேரத்துல வெடிக்கும். பிஸ்டன், ரிங்கு எல்லாம் காலி. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணினா டைமிங் பெல்ட் வண்டியில பெல்ட் பல் தாண்டற அபாயமும் இருக்கு.

மெக்கானிக்குங்க எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அரை மணி நேரம் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு "ரிலே தான் போயிருக்கு"ன்னு சொன்னா நாம என்ன குடுக்கறோம்? "சும்மா பார்த்ததுக்கு எதுக்குண்ணே காசு?"ன்னு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடறோம். அதே பம்பை இறக்கினா வாயை மூடிக்கிட்டு ஆயிரக்கணக்குல எண்ணி வைக்கறோம். கண்டுபிடிக்கறதுக்குக் கூலி இல்லாத ஊர்ல யாரு கண்டுபிடிப்பா? 'மாத்திப் பாப்போம்' தான் நடக்கும்.

அதனால ரெண்டு பழக்கம் வேணும். ஏதாவது பார்ட்டை மாத்தணும்னு சொன்னா, "எதைப் பார்த்து சொல்றீங்கண்ணே?"ன்னு மரியாதையா கேளுங்க. அவர் மீட்டரையோ புகையையோ பாட்டிலையோ காட்டிப் பதில் சொன்னார்னா, பார்ட் எதுவும் மாத்தலேன்னாலும் பார்த்ததுக்குக் கூலியைக் கையில குடுங்க. அந்த முன்னூறு ரூபா உங்க பம்பைக் காப்பாத்தும்.

குளிரு பாவம். வருஷத்துல ரெண்டு மாசம் தான் எங்க ஊருக்கு வருது. அதை நிம்மதியா இருக்க விடுங்க.