வேட்டைக்கு ஜிபிஎஸ்ஸா, செல்போனா?

வேட்டைக்குப் போக கையடக்க ஜிபிஎஸ் வாங்கணுமா, செல்போனே போதுமா? நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்கே இடமில்லை மக்களே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டையாடினா ஜெயில்தான்.

ஆனா வேட்டைக்காரனைத் தேடி நடக்கிறவங்களுக்கு இது நிஜமான கேள்வி. புலிகள் காப்பகங்களில் ரோந்தைப் பதிவு செய்ய 2010-ல் எம்-ஸ்ட்ரைப்ஸ் முறை வந்தது. இப்ப அதுக்கு மொபைல் ஆப்பே இருக்கு.

காட்டில் டவர் ஏதுன்னு கேட்காதீங்க. ஜிபிஎஸ் சிக்னல் செயற்கைக்கோளில் இருந்து வருது. மேப்பை முன்னாடியே இறக்கி வச்சிருந்தா போதும். சிக்கல் சார்ஜ்தான். போட்டோ, டார்ச், பேச்சு எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடுது. அது தீர்ந்தா வழியும் தெரியாது, உதவிக்கும் கூப்பிட முடியாது. தனிக் கருவியில் பல மாடல்களுக்கு ரெண்டு ஏஏ பேட்டரி மாத்தினா வேலை முடிஞ்சது.

ஃபேர்லேண்ட்ஸில் இருந்து ஏற்காடு சுத்தப் போற நமக்கு செல்போனே தாராளம். சத்தியமங்கலம் காட்டில் நாள் முழுக்க நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலருக்கு ரெண்டுமே கொடுக்கணும். காமர்ஸ் படிக்கிறவன் செலவை ஏத்தலாமான்னு கேட்கிறவங்க, அதை இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கில் எழுதிக்கோங்க.

நீங்க என்ன சொல்றீங்க?