கூடு கட்டாத புழு

பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஐந்தாம் பருவத்தின் கடைசி நாட்கள்தான் எல்லாம். அதுவரை இரவு பகல் பாராமல் மல்பெரி இலையை மென்ற புழு இலையை விட்டு ஒதுங்கும். உடல் மஞ்சள் பாய்ந்து பளபளக்கும். தலையைத் தூக்கி இடம் தேடும். பழுத்துவிட்டது என்று எடுத்து, கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் விடுவார்கள். 1990-களை ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்துப் பட்டு விவசாயிகள் இப்படித்தான் காத்திருந்தார்கள். புழுக்களோ தின்றுகொண்டே இருந்தன, பருத்தன, நூல் விடாமலே செத்தன. நோயைத் தேடியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஃபெனாக்ஸிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி. பழத்தோட்டங்களில் அடித்த மருந்து காற்றோடு வந்து மல்பெரி இலையில் படிந்திருந்தது.

இது நரம்பைத் தாக்கிக் கொல்லும் பழைய ரக மருந்தல்ல. பூச்சியின் உடலில் இளமை ஹார்மோன் என்று ஒன்று சுரக்கிறது. அது இருக்கும்வரை புழு புழுவாகவே தோலுரிக்கும். அது வற்றினால்தான் கூட்டுப்புழுவாகும், பிறகு அந்துப்பூச்சியாகும். அந்த ஹார்மோனைப் போலச் செய்த பொருளைத் தவறான வேளையில் கொடுத்தால் வளர்ச்சி வழியிலேயே நின்றுவிடும். ஹார்வர்டின் கேரல் வில்லியம்ஸ் 1956-இல் ஓர் அந்துப்பூச்சியின் வயிற்றிலிருந்து இதன் சாற்றை எடுத்தபோதே, பூச்சிக்கொல்லியாக இது பயன்படும் என்று கணித்தார். சில ஆண்டுகள் கழித்து, செக் நாட்டின் காரெல் ஸ்லாமா தம் ஆய்வுப் பூச்சிகளோடு அங்கே வந்தார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அமெரிக்காவில் முதிரவே இல்லை. பெட்டியில் விரித்திருந்த காகிதம்தான் காரணம். அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் பால்சம் ஃபிர் மரத்திலேயே அந்த ஹார்மோனின் போலி இருந்தது. மரம் எப்போதோ கற்ற வித்தையை வேதியியலாளர்கள் அதன் பிறகு கற்றார்கள்.

இயற்கை ஹார்மோன் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் வயலில் தாக்குப்பிடிக்கும் போலிகளைத் தொகுக்க ஆய்வகங்கள் முனைந்தன. கருத்தடை மாத்திரைக்கான ஹார்மோனை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல் ஜெராசி தொடங்கிய நிறுவனத்தின் மெத்தோப்ரீன் 1975-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. பின்னால் வந்த பைரிப்ராக்ஸிஃபென் இன்னும் நீடித்து நிற்கும். கொசுப்புழுவை ஒழிக்க, குடிநீர்த் தொட்டியில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை இதைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதருக்கோ மாட்டுக்கோ இளமை ஹார்மோன் கிடையாது என்பதுதான் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை. மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்தைத் தெளித்து மயங்கி விழுந்த கூலித் தொழிலாளர்களின் கதை தெரிந்த எவரும் இந்த மாற்றத்தை வரவேற்கவே வேண்டும். நாமும் வரவேற்கிறோம். தடை கேட்பது நம் நோக்கமல்ல.

ஆனால் ‘மனிதருக்குப் பாதுகாப்பானது’ என்ற சொல், மருந்துக் கடையில் ‘பாதுகாப்பானது’ என்று சுருங்கிவிடக் கூடாது. இந்த மருந்துகள் குறிவைக்கும் கத்தரிச் செடியின் வெள்ளை ஈக்கும் பட்டுப்புழுவுக்கும் இளமை ஹார்மோன் ஒரே வகைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, உடுமலை வட்டாரங்களில் மல்பெரித் தோட்டத்தை ஒட்டியே கத்தரியும் தக்காளியும் மிளகாயும் நிற்கின்றன. நடுவில் ஒரு வரப்புதான். இலைமேல் நீடித்து நிற்கும் குணத்தை வேதியியலாளர் வெற்றி என்பார். மல்பெரிக்காரருக்கு அதுதான் வினை. புழுக்கள் ஒருசேரப் பழுப்பதற்காக, தாவரத்திலிருந்து எடுத்த தோலுரிப்பு ஹார்மோனை இலைமேல் தெளிக்கும் பட்டு விவசாயிக்கு, ஹார்மோனின் சிறு துளி என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடலோர மாவட்டங்களிலும் கவனம் வேண்டும். இறாலின் உடலிலும் நண்டின் உடலிலும் இளமை ஹார்மோனுக்கு நெருங்கிய ஹார்மோன் சுரக்கிறது.

ஆகவே, பூச்சிமருந்துகளுக்கு அனுமதி தரும் பதிவுக் குழு இத்தகைய மருந்தைச் சோதிக்கும்போது பட்டுப்புழு சாகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மிகக் குறைந்த அளவில் இலையில் கலந்து கொடுத்து, அது கூடு கட்டுகிறதா என்று கடைசி நாள்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். சாகாத புழுவும் நூல் தராவிட்டால் விவசாயிக்குச் செத்த புழுதான். மல்பெரி அருகே அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை டப்பாவின் முகப்பிலேயே பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும். விற்பவர் அதை வாயாலும் சொல்ல வேண்டும். மல்பெரி அடர்ந்த ஊராட்சிகளில் இந்த வகை மருந்துகளைத் திறந்த வயலில் தெளிப்பதை மாநில அரசு நிறுத்த வேண்டும். கொசு ஒழிப்புக்கான தொட்டிகளுக்கு இது தடையாகாது.

புழு நூல் விடாமல் நிற்கும்போது காரணம் இலையா, நோயா, வெயிலா என்று விவசாயி ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு பிடி இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதில் என்ன மருந்து படிந்திருக்கிறது என்று ஒரு வாரத்துக்குள் எழுத்தில் சொல்லும் ஆய்வக வசதியைத் தர்மபுரியிலும் உடுமலையிலும் பட்டு வளர்ச்சித் துறை செய்து தர வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் அவர் இழப்பீடு கேட்க முடியும்.