அடிவரிசை முகங்கள்

ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரிந்த உள்ளூர் அரசியல், பல நிருபர்களுக்குத் தெரியாது. தலைவர் படம் எவ்வளவு பெரிசு, மாவட்டம் எந்தப் பக்கம், ஒன்றியம் அதற்கு எவ்வளவு கீழே, புதிதாகச் சேர்ந்தவர் நடுவிலா ஓரத்திலா என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. போன மாதம் வரை மேலே சிரித்துக்கொண்டிருந்தவரை இந்த மாதம் எடுத்துவிடச் சொன்னால், என்ன ஏது என்று கேட்க மாட்டான். ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டு, பக்கத்து முகத்தை இழுத்து அந்த இடத்தை அடைத்துவிடுவான்.

பேனர் வைப்பவர்களை விளம்பரப் பிரியர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அது பாதிதான் சரி என்று படுகிறது. ஆசையைவிட அதில் பயம்தான் ஜாஸ்தி. மந்திரி வருகிற ரோட்டில் பத்துப் பேர் வைத்து, பதினோராவது ஆள் வைக்காமல் விட்டால், வைத்த பத்துப் பேரை யாரும் கவனிக்க மாட்டார்கள்; வைக்காதவரைப் பற்றித்தான் பேச்சு வரும். அடிவரிசையில் தபால்தலை அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற அந்த முகங்களை நீங்களும் நானும் பார்ப்பதில்லை. நமக்காக வைத்ததும் இல்லை அது. அதன் வாசகர் ஒரே ஒருவர். அவரும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார். அதனால் என்ன, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவர் உதவியாளருக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று.

சென்னை அண்ணா சாலையில் கட்-அவுட்கள் வானம் தொட்ட காலத்தில் இந்தப் பயம் பணக்காரப் பயமாக இருந்தது. ஓவியர்கள் கட்டம் போட்டுக் கையால் வரைய வேண்டும், சாரம் கட்ட வேண்டும், நாள் பிடிக்கும். ஃப்ளெக்ஸ் வந்தது, சாயங்காலம் சொன்னால் ராத்திரியே கையில். ஓவியர்கள் பிழைப்பு போனது தனிக் கதை. பயம் மட்டும் மலிவாகி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா எதுவானாலும், தாய்மாமன் படம் சித்தப்பா படத்தைவிடச் சின்னதாகப் போய்விட்டால் அவர் பந்தியில் உட்கார மாட்டார். அச்சுக்குப் போகுமுன் போனில் வந்த படத்தை வீடே கூடிப் பெரிதாக்கிப் பார்ப்பது கல்யாண வீட்டுச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி பேனரைக் கேட்கவே வேண்டாம். இறந்தவர் மேலே ஒரு வட்டத்துக்குள் அடக்கமாக இருப்பார். வருந்துகிறவர்கள் கீழே கூலிங்கிளாஸோடு நிற்பார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.வைத்தியநாதன், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்றே உத்தரவிட்டார். வைப்பவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்த உத்தரவு என்று நான் நினைத்தேன். தன் முகம் இல்லாத பேனருக்கு யார் காசு கொடுப்பார்கள்? மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். அதற்குப் பிறகு கட்சித் தலைமைகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களிடம் சொல்லின. வைக்காததால் யாருடைய பதவியும் பறிபோனதாகத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் பயமில்லை. யாராவது ஒருவர் மறுபடி ஆரம்பித்தால்தான் வினை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமல்லபுரத்துக்கு வரும் பிரதமர் மோடியையும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் வரவேற்றுப் பேனர் வைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது தமிழக அரசு. அனுமதியும் கிடைத்தது.