பிள்ளையின் குறட்டையும் உம்மாவின் தூக்கமும்



ஊரவர்களே, கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையின் உம்மாவை அழைத்துக் கேட்டோம். "ராவு பூரா குறட்டை சேர். இடையில மூச்சு நிண்டு போற மாதிரி. நான் எழும்பி எழும்பி நெஞ்சுல கை வெச்சுப் பார்ப்பேன்" என்றார். அவர் கண்ணிலும் தூக்கம்தான். ஆனால் ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதியிருந்தது "கவனக் குறைவு". வீட்டார் சொன்னது, "வாப்பாவும் அப்படித்தான், வளர்ந்தா சரியாகிடும்."

எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்ற பேச்சை இனியாவது விடுவோம்.

தடிமன் வந்த நாளில் மட்டும் குறட்டை என்றால் பயமில்லை. கிழமையில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை, வாயால் மூச்சு, திணறி விழிப்பது, பகலில் சோர்வு அல்லது அடங்காத துறுதுறுப்பு இருந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பெருத்த டொன்சிலும், மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அடினொயிட் சதையும்தான். சிலருக்கு மருந்து போதும், சிலருக்கு ஒப்பரேஷன் தேவை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கேட்பதில்லை. தூங்கும்போது ஃபோனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டொக்டருக்கு உதவும்.

"சின்னப் பிள்ளைக்குக் கத்தி வைக்கிறதா?" என்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு கிழமை தொண்டை நோகும், ராவில் பிள்ளை அழும், இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமலே வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் பிழை.

அந்த வருடங்களின் கணக்கை யார் கொடுக்கிறார்? உம்மா. ராவில் மூச்சை எண்ணிவிட்டு சுபஹுக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையை அனுப்பி, மீண்டும் வேலை. அவர் எரிந்து விழுந்தால் "கோபக்காரி" என்கிறோம். பக்கத்து அறையில் தூங்கியவர்தான் அதை அதிகம் சொல்கிறார்! பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டால்தான் அவரும் கண் மூடுவார். ஒரு வைத்தியத்தில் இருவருக்கு ஷிபா.

ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள். கூடவே கிளினிக்குக்கும் போங்கள். வைத்தியம் செய்வதும் நபிவழிதான்.

வாப்பாமாரே, இன்று ராவு நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துப் பாருங்கள். நாளைக்கு நீங்களே கிளினிக் நம்பர் எடுக்கப் போவீர்கள். நாங்களும் இனி ரிப்போர்ட் எழுதுமுன், "பிள்ளை எப்படித் தூங்குது?" என்று கேட்போம், இன்ஷா அல்லாஹ்.